தொண்ணூற்று மூன்றாம் ஆணி

எனக்குக் கோபம் அதிகம் என்று கிளினிக்கில் எல்லாரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். பல்வலியோடு வருகிற நாற்பது பேரை ஒரே அறையில் வரிசையாக உட்கார வைத்து, "பதினேழு, நீங்க போங்க, பதினெட்டு, நீங்க உட்காருங்க" என்று காலையிலிருந்து கத்திப் பார்த்தால் தெரியும். ஆனால் வாயைத் திறந்தே ஆக வேண்டிய ஒரு நாள் வந்தது. அன்றைக்கு நான் கத்தவில்லை. அதைத்தான் சொல்லப் போகிறேன். நடுவில் எனக்காக நானே பரிந்து பேசினால் நம்பாதீர்கள்.

இந்த ஊருக்கு வேலைக்கு வந்து ஆறு வருஷம் வரைக்கும் எனக்கென்று ஒரு ஆள் கிடையாது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் மாதத்துக்கு ஒரு தடவை போன் செய்து "நல்லா இருக்கியா?" என்பான், நான் பதில் சொல்வதற்குள் "சரி, வெச்சிடறேன்" என்பான். கடைத்தெருவில் என்னைப் பார்க்கிறவர்கள் கன்னத்தைத் தடவிக்கொண்டு ஒதுங்கிப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க யாரோடும் பேசாமல் இருந்துவிட்டு, திங்கட்கிழமை முதல் டோக்கனைக் கூப்பிடும்போது தொண்டை அடைத்திருக்கும்.

அப்போதுதான் விசில் அக்கா கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வந்தாள். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு விசில்.

"தூங்கும்போதும் போட்டிருப்பீங்களா?" என்று கேட்டேன்.

"ஆமா. வீட்டுக்காரர் குறட்டை விட்டா ஊதுவேன்" என்றாள், வீங்கிய கன்னத்தோடு. ஒரு மணி நேரம் நான் கத்துவதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை என்ன பண்றே?" என்றாள்.

"துணி துவைப்பேன்."

"துணி எங்கேயும் ஓடிப் போகாது. ஏரிக்கு வா. நம்பர் கூப்பிட எங்களுக்கு ஒரு நல்ல தொண்டை வேணும்."

அப்படித்தான் ஏரி நீச்சலுக்குள் போனேன். வருஷத்துக்கு ஒரு நாள், ஏரியின் இந்தக் கரையில் இறங்கி அந்தக் கரையில் ஏறுவது. முப்பத்துச் சொச்சம் வருஷமாக நடக்கிறது. நீந்துகிறவர்கள் நூற்றைம்பது பேர். நடத்துகிறவர்கள் நாங்கள் இருபது பேர், யாருக்கும் சம்பளம் இல்லை. தலைவர் மருந்துக்கடைக்காரர். கரையில் ஏறுகிறவர்களைக் கணக்கெடுக்கும் பலகைக்குப் பொறுப்பு விசில் அக்கா. எனக்கு முதல் நாளே 'டோக்கன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரைவிட அப்படிக் கூப்பிட்டால்தான் இப்போது சட்டென்று திரும்பிப் பார்க்கிறேன்.

பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கதவளவு மரப்பலகை, அதில் நூற்றைம்பது ஆணி, ஒவ்வொரு ஆணிக்கும் ஒரு எண். நீந்துகிறவர் தண்ணீரில் இறங்கும்போது தன் எண் பொறித்த தகர வில்லையைக் கையில் கட்டிக்கொள்வார். அந்தக் கரையில் ஏறியதும் அதைக் கழற்றி எங்களிடம் தர வேண்டும். நான் எண்ணைக் கூப்பிடுவேன், அக்கா ஆணியில் மாட்டுவாள். இறங்காதவர்களின் வில்லையைத் தொடக்கத்திலேயே மாட்டிவிடுவோம். ஆக, ஓர் ஆணி காலி என்றால் ஓர் ஆள் தண்ணீரில் என்று அர்த்தம். பலகை நிறைந்த பிறகு அக்கா மூன்று முறை நீளமாக விசில் ஊதுவாள். அதைக் கேட்டுத்தான் காவல் படகுகள் கரைக்குத் திரும்பும், அதற்குப் பிறகுதான் எங்களில் யாரும் டீக் குவளையைத் தொடுவோம்.

இரண்டாம் வருஷம் எனக்கு விஷக்காய்ச்சல். ஐந்து நாள் அக்கா என் வீட்டுத் தரையில் பாய் போட்டுப் படுத்தாள். கஞ்சியைக் குடிக்காவிட்டால் விசிலை ஊதினாள். பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்துவிட்டார். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "சீ, எழுந்திரு. தலையை வாரு, பேய் மாதிரி இருக்கே" என்றாள். என் ஐம்பது வருஷத்தில் யாரும் என்னை அவ்வளவு பாசமாகத் திட்டியதில்லை.

அந்த வருஷம்தான் பிஸ்கட் டப்பாவைக் காட்டினாள். பலகை மேசைக்குக் கீழே, துணிக்கு அடியில் இருக்கும். திறந்தால் உள்ளே இன்னொரு செட் தகர வில்லைகள், ஒன்று முதல் நூற்றைம்பது வரை.

"தலைவருக்குக்கூடத் தெரியாது. உனக்கும் எனக்கும் மட்டும்தான்" என்றாள்.

எப்போதோ ஒரு வருஷம் ஒருவர் வில்லையைத் தராமல் அப்படியே வீட்டுக்குப் போய்விட்டாராம். மூன்று மணி நேரம் ஏரியைக் கலக்கித் தேடியிருக்கிறார்கள். போலீஸ் வந்தது, அவர் மனைவி கரையில் மயங்கி விழுந்தாள். ஆசாமியோ வீட்டில் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். நீச்சலுக்கு அனுமதியே போகும் போல ஆகிவிட்டது. அதற்குப் பிறகுதான் அக்கா இந்த மாற்று வில்லைகளைச் செய்து வைத்திருக்கிறாள். ஆள் கரையேறியதை எங்களில் இரண்டு பேர் கண்ணால் பார்த்திருந்தால், வில்லை வராவிட்டாலும் மாற்று வில்லையை மாட்டிவிடலாம் என்பது அவள் வைத்த விதி. போகப் போக இரண்டு பேர் ஒரு ஆளாயிற்று. ஒரு வருஷமும் ஒன்றும் ஆகவில்லை. ரகசியத்தைச் சொல்ல ஊரில் இத்தனை பேர் இருக்க என்னைத் தேர்ந்தெடுத்தாளே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அது சரியா தவறா என்று யோசிக்க எனக்கு எங்கே நேரம்!

போன வருஷ நீச்சலன்று விடிந்ததே சரியில்லை. வானம் ஈயத்தகடு மாதிரி தாழ்ந்து கிடந்தது. காற்று ஏரியின் குறுக்கே வீசியது. கரையில் எப்போதும் நிற்கிற கொக்குகளில் ஒன்றைக்கூடக் காணோம். மூன்று காவல் படகுகளில் ஒன்றுக்கு என்ஜின் ஓடவில்லை. அது நிற்க வேண்டிய இடம் மூன்றாம் மிதவை. நாணல் புதருக்கு அந்தப் பக்கம் இருப்பதால் கரையிலிருந்து பார்த்தால் தெரியாது.

"மத்த ரெண்டு படகும் மாத்தி மாத்தி ஒரு சுத்து வரும், போதும்" என்றார் மருந்துக்கடைக்காரர். யாரும் மறுத்துப் பேசவில்லை. நானும்தான்.

தொடக்கக் கரையில் கைகளில் மையால் எண் எழுதுவது என் வேலை. தொண்ணூற்று மூன்றாம் எண் அச்சகக்காரருக்கு. கல்யாணப் பத்திரிகையிலிருந்து பள்ளிக்கூட நோட்டீஸ் வரை இந்த ஊரில் எல்லாம் அவர் அச்சடித்ததுதான். அறுபதை நெருங்குகிற மனிதர், வருஷா வருஷம் கடைசியில் வருகிறவர்களில் ஒருவர்.

"எழுத்து கோணலா இருக்கே" என்று கையைப் பார்த்துச் சிரித்தார். "என் கடையில இப்படி அடிச்சா ஆளை வெளியே அனுப்பிடுவேன்."

"தண்ணிக்குள்ள யார் சார் படிக்கப் போறாங்க? போங்க, போய்ச் சேருங்க" என்றேன். நான் சொன்னதை எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அவர் மனைவி சாலை வழியாகக் குடும்பத்தினரை ஏற்றிப் போகிற வேனில் ஏறினார். மடியில் ஒரு நீலத் துண்டும் பிளாஸ்கும். வேன் வழியில் டயர் பஞ்சராகி நின்றுவிட்டதாகப் பிறகு போன் வந்தது.

பதினொரு மணிக்குப் பலகையில் நான்கு ஆணிகள் காலி. பிறகு மூன்று, இரண்டு, ஒன்று. காற்று பலமாகி, மேசைத் துணி பறக்க ஆரம்பித்தது. மேடையில் விருந்தினர்கள் உட்கார்ந்தாயிற்று. விசில் அக்காவுக்கு இது இருபத்தைந்தாவது வருஷம். கேடயம் கொடுக்கப் போகிறார்கள். மருந்துக்கடைக்காரர் மேடையிலிருந்து கையை ஆட்டி ஆட்டி "ஆச்சா? ஆச்சா?" என்றார்.

"தொண்ணூத்தி மூணு இன்னும் வரலையே அக்கா" என்றேன்.

"அச்சகக்காரர்தானே? ஏறிட்டார். மஞ்சத் தொப்பி போட்டுக்கிட்டு டென்ட்டுக்குள்ள போனதை நான் பார்த்தேன். மனுஷன் வில்லையைக் கழட்ட மறந்திருப்பார்."

"நான் பார்க்கலையே."

"நான் பார்த்தேன்னு சொல்றேன்ல?"

குனிந்தாள், டப்பாவைத் திறந்தாள், மாட்டினாள். பலகை நிறைந்தது. மூன்று முறை ஊதினாள். இரண்டு படகுகளும் திரும்பின. மஞ்சள் தொப்பி ஐம்பது வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும்தான் கொடுத்திருந்தோம்.

மனசு கேட்காமல் உடை மாற்றும் கூடாரத்துக்குப் போனேன். உள்ளேயிருந்து வந்த ஒருவரிடம் கேட்டேன். "அச்சகக்காரரா? கவனிக்கலைங்க, ரெண்டு மூணு பேர் இருக்காங்க" என்றார். கூடாரத்துக்குப் பக்கத்தில் பைகள் வைக்கிற பெஞ்சு. தொடக்கக் கரையில் கழற்றிய உடைகளைப் பையில் போட்டு எண் கட்டி நாங்களே இங்கே கொண்டுவந்து வைப்போம். பெஞ்சில் ஒரே ஒரு பைதான் மிச்சம். தொண்ணூற்று மூன்று. முடிச்சுகூட அவிழ்க்கவில்லை. கிளினிக் பழக்கத்தில் கை தானாகக் கடிகாரத்தைத் திருப்பியது. பதினொன்று இருபது.

அக்கா மேடைப் படியில் ஏறப் போகிற சமயம். முழங்கையைப் பிடித்து இழுத்தேன். "அக்கா, அவர் பை அப்படியே இருக்கு."

அவள் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு நிமிஷம்தான். "ஈரத்தோட எங்கேயாவது நின்னு பேசிக்கிட்டிருப்பார். பத்து நிமிஷம் பொறு. மேடை முடியட்டும்."

"படகை மட்டும் ஒரு தடவை அனுப்பலாமே…"

"எதைச் சொல்லி அனுப்புவே? பலகை நிறைஞ்சிருக்கு. டப்பாவைக் காட்டுவியா?" குரல் உடைந்தது. "டோக்கனு, இன்னிக்கு ஒரு நாள். எனக்காக."

பொறுத்தேன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் அர்த்தம் இல்லை. அவர் தண்ணீரில் இருக்கலாம் என்று எனக்குத் தெரியும். கத்தினால் அக்காவை இழப்பேன் என்றும் தெரியும். பழைய ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் கண் முன்னால் வந்து நின்றன. நான் பொறுத்தேன். மேடையில் மருந்துக்கடைக்காரர் கேடயத்தைக் கொடுத்துவிட்டு, "நம்ம டோக்கனும் இந்த வருஷத்திலேருந்து செயற்குழுவில இருக்காங்க" என்றார். எல்லாரும் திரும்பிப் பார்த்துக் கை தட்டினார்கள். நான் கை கூப்பினேன்.

அந்தக் கைதட்டலுக்கு நடுவில் வேன் வந்தது. அச்சகக்காரரின் மனைவி இறங்கி நேராகப் பலகைக்கு வந்தார். விரலால் வரிசையைத் தடவிக்கொண்டே போய் ஒரு வில்லையில் நிறுத்தினார்.

"அப்பாடா! வந்துட்டாரா!" என்று மூச்சு விட்டார். "வழியெல்லாம் மனசே சரியில்லம்மா, காத்து இப்படி அடிக்குதேன்னு."

என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். துண்டை மடியில் விரித்து வைத்தார். பிளாஸ்கைத் திறந்தார். "அவர் தலையைத் துவட்டி, தெரிஞ்சவங்க எல்லார்கிட்டயும் பேசிட்டு வர அரை மணி ஆகும். நீங்களும் ஒரு வாய் குடிங்க. காலையிலேருந்து நிக்கிறீங்க, பாவம்."

மூடியில் டீயை ஊற்றி நீட்டினார். வாங்கினேன். குடித்தேன். சூடாக, சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருந்தது. அவர் எதையோ சொல்லிக்கொண்டே இருந்தார், மகளுக்கு வரன் பார்ப்பதையோ, கடைக்குப் புது இயந்திரம் வாங்குவதையோ. நான் கூடாரத்தின் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி ஆள் வெளியே வந்து, படுதாவைக் கீழே இறக்கிக் கட்டினான். உள்ளே இனி யாரும் இல்லை.

அப்போதுதான் எழுந்து கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. "படகை எடுங்க, படகை எடுங்க" என்று கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள். எல்லாரும் தண்ணீரை நோக்கி ஓடினார்கள். அந்த அம்மா துண்டோடு ஓடினார். நானும் ஓடினேன். பாதியில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். அக்கா மட்டும் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். தொண்ணூற்று மூன்றாம் ஆணி காலியாக இருந்தது.

மூன்றாம் மிதவையில் இருந்தார். மிதவைக் கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தாராம். "கை ஓய்ஞ்சாலும் நழுவக் கூடாதுன்னு சுத்தியிருக்கார்" என்றார் படகுக்காரர். "ரொம்ப நேரம் காத்துக்கிட்டிருந்திருக்கார் பாவம்." அதைச் சொன்னபோது அவர் யாரையும் பார்க்கவில்லை. அந்த மணிக்கட்டிலேயே தகர வில்லையும் இருந்தது.

விசாரணை வந்தது. மோசமான வானிலையில் அவசரத்தில் ஒரு ஆணி காலியாக இருந்ததைக் கவனிக்காமல் விசில் ஊதிவிட்டேன் என்று அக்கா அழுதாள். ஊரே அவளுக்காக இரக்கப்பட்டது. இருபத்தைந்து வருஷத்தில் ஒரு தவறு, பாவம் என்றது. ஒரே ஒரு ஆள்தான் வேறு மாதிரி சொன்னார்.

"அந்தம்மா பலகையில தொண்ணூத்தி மூணு தொங்கினதைப் பார்த்ததா சொல்றாங்க" என்றார் இன்ஸ்பெக்டர் என்னிடம். "நீங்கதான் பக்கத்துல இருந்தீங்க. தொங்கிச்சா?"

முந்தின நாள் அக்கா என் வீட்டுக்கு வந்திருந்தாள். விசில் கழுத்தில் இல்லை. "நீ வாயைத் திறந்தா நான் செத்தேன். நீச்சலும் முடிஞ்சுது. போனவர் திரும்பி வரப் போறாரா?" என்று என் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டாள்.

"இல்லை சார்" என்றேன். "தொங்கலை."

"தொண்ணூத்தி ரெண்டைப் பார்த்துக் குழம்பியிருப்பாங்க" என்று அவரே எழுதிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் குழு முழுவதும் என் வீட்டுக்கு வந்தது. மருந்துக்கடைக்காரர் ரொட்டி வாங்கி வந்தார். யாரோ என் பாத்திரங்களைக் கழுவினார்கள், யாரோ பல்பை மாற்றினார்கள். என் வாசலில் அவ்வளவு செருப்புகளை நான் பார்த்ததே இல்லை. எல்லாரும் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட நான் தனியாக இல்லை. தனியாக இருக்க விடவில்லை என்றும் சொல்லலாம். மாலையானால் அக்கா வந்துவிடுவாள். பேசிக்கொண்டே நடுவில் நிறுத்தி என் முகத்தை உற்றுப் பார்ப்பாள். நான் சிரித்தால்தான் பேச்சைத் தொடர்வாள்.

நான்கு மாதம் கழித்து, கிளினிக்கில் "இருபத்திரண்டு" என்று கூப்பிட்டேன். எழுந்து வந்தது அச்சகக்காரரின் மனைவி. ஆள் பாதியாகிவிட்டிருந்தார்.

"டாக்டர் உள்ளே இருக்கார், போங்கம்மா."

"பல்லுல ஒண்ணும் இல்லம்மா. உங்களைப் பார்க்கத்தான் டோக்கன் வாங்கினேன்." என் மேசையைப் பிடித்துக்கொண்டார். "எல்லாரும் நான் தப்பாப் படிச்சேன்னு சொல்றாங்க. என் மகளும் சொல்றா. கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா, கண்ணு சரியா இருக்குன்னாங்க. இப்போ மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறா. கோபமா இல்லம்மா, அக்கறையாத்தான். ஆனா எனக்கு ராத்திரி பகல் ஒரே நினைப்பு. அவர் கயித்தைப் பிடிச்சுக்கிட்டுக் கிடக்கிறார், நான் இங்கே உட்கார்ந்து பிளாஸ்கைத் திறக்கிறேன். ஒரு நம்பரை ஒழுங்காப் படிச்சிருந்தா அப்பவே கூச்சல் போட்டிருப்பேனே! நான்தானே அவரை…"

அறையில் பத்துப் பதினைந்து பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்தார்கள்.

வாசலில் செருப்புகள், தரையில் விரித்த பாய், என்னை டோக்கன் என்று கூப்பிடுகிற இருபது வாய்கள். எல்லாவற்றையும் நினைத்தேன். நினைக்கவில்லை என்று சொன்னால் பொய்.

"நீங்க சரியாத்தான் படிச்சீங்க" என்றேன். "அது தொங்கிச்சு. வேற ஒரு வில்லையை நாங்க மாட்டியிருந்தோம். எல்லாரும் ஓடினப்போ கழட்டிட்டோம்."

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நீளமாக மூச்சு விட்டார். "அப்போ நான் சரியாத்தான் பார்த்தேன்" என்றார். மறுபடியும் அதையே சொன்னார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, முகத்தில் நிம்மதி. என்னால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பிறகு ஏதோ யோசித்தார். "நான் வேன்ல வந்து இறங்கினப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நான் டீ ஊத்திக் கொடுத்தேனே. அதைக் குடிக்கும்போது?"

"தெரியும்."

தலையை ஆட்டிக்கொண்டார். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். என் கையைப் பிடித்தார். கை சில்லென்று இருந்தது, பிடி மட்டும் இரும்பு.

"எழுந்து வாங்க. என் மகள் கீழே வண்டியில காத்துக்கிட்டிருக்கா. அவகிட்ட சொல்லுங்க, அம்மாவுக்குப் புத்தி பிசகலைன்னு. அதை மட்டும் முதல்ல சொல்லுங்க. மத்ததெல்லாம் பிறகு."

இருபத்து மூன்றாம் டோக்கன்காரர் "இங்கே யாரும்மா கூப்பிடுவாங்க?" என்று கத்தினார். நான் எழுந்து அந்த அம்மாவுடன் படி இறங்கினேன்.